வாளும் துப்பாக்கியும் ஒரே திரையில்: எந்தப் படத்தைத் திரையிடலாம்?

பட்டர்வொர்த் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் இயங்கும் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு படத்தைப் பார்த்துக் கலந்துரையாடி வருகிறது. அடுத்த சந்திப்புக்குச் சாமுராய் எனும் ஜப்பானிய வாள்வீரர் கதையும் கௌபாய்க் கதையும் கலந்த படம் ஒன்றைத் தேடுகிறோம். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) அமெரிக்காவில் ‘தி மேக்னிஃபிசன்ட் செவன்’ (1960) ஆனதை எங்களில் பலர் அறிவோம். ஆனால் அதில் கதை மட்டுமே கடல் கடந்தது, சாமுராய் கடக்கவில்லை. இருவகை வீரர்களும் ஒரே கதைக்குள் நின்று, ஒருவரின் அறத்தை மற்றவரின் அறம் உரசிப் பார்க்கும் படம் உண்டா? வருவோரில் பாதிப்பேர் கல்லூரி மாணவர்கள். மற்றவர்கள் ஜெய்சங்கரின் கௌபாய்ப் படமான ‘கங்கா’வைத் திரையரங்கில் பார்த்த தலைமுறையினர்.

செந்தூல் திரைநேயன்:
வணக்கம், சகோதரி. நீங்கள் கேட்பது அப்படியே ‘ரெட் சன்’ (1971) படத்தில் இருக்கிறது. டெரன்ஸ் யங் இயக்கத்தில் தோஷிரோ மிஃபுனே, சார்லஸ் பிரான்சன், அலான் டெலான் ஆகியோர் நடித்தது. கதை நிகழும் ஆண்டு 1870. அமெரிக்க அதிபருக்குப் பரிசாகத் தங்க வாள் ஒன்றை ஜப்பானியத் தூதர் ரயிலில் கொண்டு செல்கிறார். கொள்ளையர் அதைப் பறித்துச் செல்கின்றனர். தூதரின் மெய்க்காவலரான மிஃபுனே ஏழு நாள்களுக்குள் வாளை மீட்க வேண்டும். தவறினால் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவரோ, கூட்டாளியால் ஏமாற்றப்பட்ட கொள்ளைக்காரரான பிரான்சன்.

அமெரிக்கக் கண்டத்தின் குறுக்கே சென்ற ரயில்பாதை 1869இல் முடிந்தது. சாமுராய்கள் வாள் அணிவதை ஜப்பானிய அரசு 1876இல் தடைசெய்தது. இவ்விரு ஆண்டுகளுக்கும் நடுவில் கதை நடப்பதால், மிஃபுனேயின் ஒவ்வோர் அசைவிலும் மறையப்போகும் ஒரு குலத்தின் பிடிவாதம் தெரிகிறது. பணத்துக்காக அலைபவனும் கடமைக்காக நடப்பவனும் வழித்துணையாவதைப் படம் அவசரமின்றிக் காட்டுகிறது. திரைக்கதை சில இடங்களில் தளர்ந்திருந்தாலும், இந்த இருவருக்காகவே பார்க்கலாம்.

ஈப்போ சாலை வாசகர்:
‘ரெட் சன்’ நல்ல படம்தான் என்றாலும், கலப்பு அங்கே தொடங்கவில்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அமெரிக்கக் கௌபாய்ப் பட இயக்குநர் ஜான் ஃபோர்டின் படங்களைப் பெரிதும் மதித்த குரோசாவா, ‘யோஜிம்போ’வில் (1961) புழுதி பறக்கும் அகன்ற தெருவையும், அதன் இரு முனைகளில் மோதக் காத்திருக்கும் இரு கும்பல்களையும் வைத்தபோதே ஜப்பானிய மண்ணில் ஒரு வெஸ்டர்ன், அதாவது கௌபாய்ப் படம், உருவாகிவிட்டது. வில்லனிடம் கைத்துப்பாக்கி இருக்கிறது; நாயகனிடம் வாள் மட்டுமே. அடிபட்டு ஒளிந்திருக்கும் நாயகன், அறைக்குள் காற்றில் புரளும் உலர்ந்த இலை ஒன்றைக் கத்தி வீசித் தரையோடு குத்துகிறான். இறுதி மோதலில் அதே வீச்சு துப்பாக்கி பிடித்த கையைத் தைக்கிறது. இதே கதையை இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி உரிமை பெறாமலேயே ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ (1964) என்று எடுத்து வழக்கைச் சந்தித்தார். அங்கே நாயகனைக் காப்பது மார்பில் கட்டிய இரும்புத் தகடு. முந்தையது பயிற்சியை நம்புகிறது, பிந்தையது தந்திரத்தை. என் மனம் முந்தையதன் பக்கமே சாய்கிறது.

கிள்ளான் ஆசிரியை:
இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆயினும் உங்கள் வட்டத்தில் முதியவர்களும் இருப்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஜப்பானியர் வாள் என்றாலே இரண்டாம் உலகப் போரின் ஆக்கிரமிப்புக் காலமும், தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாதவர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். வீரத்தை வியக்கும் படத்தைவிட, வாளின் பெருமையையே கேள்விக்குள்ளாக்கும் படம் அவர்களோடு மனம்விட்டுப் பேச இடம் தரும்.

கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘அன்ஃபர்கிவன்’ (1992) படத்தை லீ சாங்-இல் 2013இல் ஜப்பானில் மீண்டும் எடுத்தார். கதை மெய்ஜி பேரரசர் காலத்து (1868–1912) வடஜப்பானியத் தீவான ஹொக்கைடோவுக்கு மாறுகிறது. கென் வாட்டனபே ஏற்ற பாத்திரம், வீழ்ந்த ஷோகுன் (படைத்தலைவர்) ஆட்சிக்காகப் பலரை வெட்டிக் கொன்ற சாமுராய். அத்தீவின் பூர்வகுடியான அய்னு இனத்தவளான மனைவியை இழந்து, இரு பிள்ளைகளோடு வறிய நிலத்தில் பாடுபடுகிறான். அமெரிக்க மூலத்தில் பூர்வகுடியினர் பெரும்பாலும் ஓரத்திலேயே நிற்க, இங்கே அய்னு மக்கள் புதிய அரசின் கையில் அவமதிக்கப்படுவது கதையின் நடுவுக்கே வருகிறது. பழைய சாமுராய் மட்டுமல்ல, புதிய அரசும் கைகளில் இரத்தக்கறையோடு நிற்கிறது. மேற்கிலிருந்து கிழக்கு பெற்றுக்கொண்டு, தன் வரலாற்றைத் தானே விசாரித்த படம் என்பதால் இதையே முதலில் காட்டுங்கள். பெண்ணொருத்தியின் முகம் கத்தியால் சிதைக்கப்படும் கொடுமைதான் கதையை நகர்த்துகிறது. ஆகவே அழைப்பிதழிலேயே அதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

பட்டர்வொர்த் வாசகி:
மூவருக்கும் நன்றி. டீச்சர் சொன்னபடி 2013ஆம் ஆண்டுப் படத்தையே முதலில் திரையிட்டு, அதற்கடுத்த மாதம் ‘ரெட் சன்’ காட்டுகிறோம். ‘யோஜிம்போ’வின் அந்த இலைக் காட்சியை மட்டும் முன்னுரையில் தனியே போட்டுக் காட்ட எண்ணியிருக்கிறேன். தமிழ் அல்லது மலாய் வசனவரிகளோடு இவற்றுள் எதுவும் கிடைத்தால் தெரிவியுங்கள். எங்கள் மூத்தவர்களுக்கு ஆங்கில வரிகளை விரைந்து படிப்பது சிரமம்.