தையல் அறையில் நூல் பிசிறும் வெட்டுத்துணியும்: எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

ஊசிமுனை (ஈரோடு)

வீட்டோட ஒட்டின 10க்கு 12 அடி அறை. மோட்டார் மாட்டின கறுப்பு மிஷின் ஒண்ணு, பவர் மிஷின் ஒண்ணு, துணி ஓரத்தைச் சீவிப் பின்னுற மூணு நூல் ஓவர்லாக் ஒண்ணு. ரெண்டு பேர் தைக்கிறோம். ஒரு நாளைக்கு ஆறேழு பிளவுஸ், ரெண்டு சுடிதார். தரை மொசைக்.

ஓவர்லாக் சீவித் தள்ளுற துணி, ஃபேன் காத்துல அறை பூரா பறக்குது. பூந்துடைப்பத்துல கூட்டினா நூல் அதுலயே சிக்கிக்குது, சீமாறுன்னா ஈர்க்கு நடுவுல மாட்டிக்குது. காலோட ஒட்டி அடுப்படி வரைக்கும் போகுது. தைச்சு மடிச்சு வெச்ச துணியிலயும் வேற கலர் பிசிறு ஒட்டியிருக்குன்னு கஸ்டமர் சொல்றாங்க. போன வாரம் கறுப்பு மிஷின்ல, ஊசிக்குக் கீழே மேல்நூலைப் பிடிக்கிற சட்டில்ல நூல் சுத்தி இறுகிப் போச்சு. மூணு சாக்கு வெட்டுத்துணி வேற மூலையில கிடக்கு.

தினமும் ஒரு மணி நேரம் கூட்டிட்டே இருக்க முடியாது. தொழில் தெரிஞ்சவங்க முறையாச் சொல்லுங்க.

பவர்டேபிள் (திருப்பூர்)

கூட்டுறதைக் கடைசியா வெச்சுக்கங்க. பிசிறு தரைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டா முக்கால்வாசி வேலை குறைஞ்சுடும்.

முதல்ல ஓவர்லாக். குப்பைல பெரும்பங்கு அதோடதுதான். கத்திக்கு முன்னாடி சீவல் விழுற இடத்துக்கு நேர் கீழே டேபிள் ஓரத்துல ஒரு துணிக்குழாய் தொங்க விடுங்க. பழைய பேண்ட்டோட ஒரு கால் போதும். சட்டைக் கையை வெட்டி மாட்டுனா கஃப் கிட்ட குறுகலா இருந்து அடைச்சுக்கும், அதனால பேண்ட்தான். வழவழப்பான பாலியஸ்டர் துணியா இருக்கணும். காட்டன்னா சீவல் நடுவுலயே ஒட்டி நின்னுக்கும். மேல்வாயை வெல்க்ரோ ஒட்டி டேபிளுக்கு அடியில மாட்டுங்க, கீழ்வாயை ஒரு பக்கெட்டுக்குள்ள விடுங்க. குழாய் பெல்ட்டுலயோ பெடல்லயோ உரசாத மாதிரி ஒதுக்கிக் கட்டுறது முக்கியம். பெல்ட் துணியை இழுத்துச்சுன்னா கூடவே எல்லாத்தையும் இழுக்கும்.

அடுத்தது, சீவுற அளவு. கட்டிங்ல கோணலா வெட்டிட்டு "ஓவர்லாக்ல சரி பண்ணிக்கலாம்"னு விட்டா, கத்தி ஒரு செ.மீ. அகலத்துக்கு நாடா நாடாவா தள்ளும். நேரா வெட்டி 2 மி.மீ. மட்டும் சீவ விடுங்க. கொஞ்சம்கூடச் சீவாம ஓட்டினாலும் ஓரத்துல நூல் நீட்டிக்கிட்டு நிக்கும், அதனால அந்த 2 மி.மீ. வேணும். கத்தி மொண்ணையா இருந்தா துணியை வெட்டாம பிய்க்கும், தூசி ரெட்டிப்பாகும். வெட்டுன ஓரம் பஞ்சு பஞ்சா தெரிஞ்சா கீழ்க் கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுங்க.

பவர் மிஷின்ல நூல் துண்டு எங்கிருந்து வருதுன்னு பாருங்க: ஒவ்வொரு தையல் முடிஞ்சதும் வெட்டுறீங்க, அடுத்ததுக்கு 4 இன்ச் வால் விடுறீங்க. கைப்பகுதி, டார்ட், பட்டின்னு ஒரே மாதிரி வேலைகளை வெட்டாம ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஓட்டிட்டு, கடைசில மொத்தமா டிரிம்மரால (நூல் வெட்டுற சின்னக் கத்தரி) வெட்டுங்க. நடுவுல ரெண்டு மூணு தையல் காலியா ஓடினாப் போதும். ஆறு பீஸ் ஓட்டினா பன்னிரண்டு வாலுக்குப் பதிலா ரெண்டே வால்தான் மிஞ்சும்.

டிரிம்மர் வெட்டுற கைப்பக்கம், டேபிள் ஓரத்துல 5 லிட்டர் எண்ணெய் கேனைச் சாய்வா வெட்டிக் கட்டிடுங்க. சாக்கு, அட்டைப்பெட்டின்னு தரையில வெச்சா யாரும் குனிஞ்சு போட மாட்டாங்க. கை நீட்டுற உயரத்துல இருந்தாத்தான் போடுவாங்க.

பாபின்கேஸ்

சட்டில் இறுகினதுக்கு வர்றேன். நான் மிஷின் பார்க்கிற ஆள்.

முதல்ல சுவிட்சை அணைச்சு பிளக்கைப் பிடுங்குங்க. பவர் மிஷின்ல பழைய கிளட்ச் மோட்டார் இருந்தா, அணைச்ச பிறகும் உள்ளே சுத்திட்டே இருக்கும். அந்த நேரத்துல பெடல்ல கால் பட்டா ஊசி இறங்கும். அணைச்சதும் பெடலை மிதிச்சு மீதி ஓட்டத்தைத் தீர்த்துட்டு அப்புறம் கை வையுங்க.

ஊசி, புட் (துணியை அமுக்குற கால்), பிறகு ஊசி இறங்குற பிளேட்டோட ரெண்டு ஸ்குரூன்னு வரிசையாக் கழட்டுங்க. பிளேட்டைத் தூக்கினா துணியை நகர்த்துற பல் வரிசைகளுக்கு நடுவுல தூசி கம்பளி மாதிரி அமுங்கிக் கிடக்கும். துணி நகராம ஒரே இடத்துல தைக்கிறதுக்கும், தையல் சின்னதாப் போறதுக்கும் பல நேரம் இதுதான் காரணம். பல் மேல வரவே இடம் இருக்காது. ட்வீசரால கட்டியாவே எடுத்துட்டு, மீதியை பிரஷ்ஷால வெளிப்பக்கமா தள்ளுங்க.

கறுப்பு மிஷின்ல பாபின் கேஸை (கீழ்நூல் கூடு) எடுத்துட்டா, சட்டிலைப் பிடிச்சிருக்கிற வளையம் தெரியும். சில மாடல்ல ரெண்டு கொக்கி, சிலதுல ரெண்டு ஸ்குரூ. வளையத்தை எடுத்து பிறைச் சட்டிலை வெளியே இழுங்க. எந்தப் பக்கம் பார்த்து இருந்ததுன்னு போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு இழுங்க. நூல் அதுக்குப் பின்னாடிதான் சுத்தியிருக்கும். பழைய பனியன் துணியால உள்வட்டத்தைத் துடைச்சு, ஒரே ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டு மறுபடி மாட்டுங்க. பவர் மிஷின்ல நூலைப் பிடிக்கிற ஹூக் வேற ரகம். அதைக் கழட்டாதீங்க, ஊசியும் ஹூக்கும் சேர்ற டைமிங் போயிடும். அங்கே பாபின் கேஸை மட்டும் எடுத்துட்டு, கையால வீலைச் சுத்திச் சுத்தி பிரஷ் விட்டாப் போதும். நூல் இறுகியிருந்தா ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வீலை முன்னும் பின்னும் மெதுவா அசைச்சு, ட்வீசரால நூலை உருவுங்க. மோட்டார் போட்டு "தானா அறுந்துடும்"னு விட்டா ஊசியும் போகும், ஹூக் முனையும் போகும்.

பாபின் கேஸ் மேல ஒரு தகடு ஸ்பிரிங் இருக்கே, அதுக்கு அடியில ஒரு துளி தூசி போனாலே கீழ்நூல் தளர்ந்துடும். அங்கே ஊசியை விட்டுக் கீறாதீங்க. விசிட்டிங் கார்டு மூலையை நூல் ஓடுற திசையில நுழைச்சு இழுங்க.

தேங்காய் எண்ணெய் விடாதீங்க. நாளாக நாளாகப் பிசினாகும், மார்கழிக் குளிர்ல உறையும், தூசியெல்லாம் அதுல ஒட்டிக்கும். ஏற்கனவே பிசினாகி இருந்தா மண்ணெண்ணெய் தொட்ட துணியால துடைச்சு எடுத்து, நல்லாக் காய்ஞ்ச பிறகு தண்ணி மாதிரி இருக்கிற வெள்ளை மிஷின் எண்ணெய் விடுங்க. அப்புறம் வேஸ்ட் துணில ஒரு நிமிஷம் ஓட்டி, எண்ணெய்க் கறை வர்றது நின்ன பிறகு கஸ்டமர் துணியை வையுங்க.

சுத்தம் பண்ணின பிறகும் துணிக்கு அடியில நூல் கூடு கட்டினா கீழ்நூலைக் குறை சொல்லாதீங்க. அது மேல்நூல் கோளாறு. புட்டை இறக்கி வெச்சுட்டு நூல் கோத்தா, நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு மூடியிருக்கும், நூல் உள்ளேயே போகாது. புட்டைத் தூக்கிட்டுக் கோத்து விடுங்க.

ஒரு நாளைக்கு ஒரு தடவை பாபின் பக்கம் பிரஷ், வாரத்துக்கு ஒரு தடவை பிளேட். ஓவர்லாக்குக்கு இது போதாது. முன்மூடி, பக்கமூடி ரெண்டையும் திறந்து லூப்பர் (நூல் பின்னுற கொக்கி), கத்தி இடுக்கு எல்லாம் தினமும் பிரஷ் போடணும்.

பவர்டேபிள் (திருப்பூர்)

பிரஷ் எதுக்குங்க, கம்பெனில எல்லாம் ஏர் கன் அடிச்சுத்தான் விடுறாங்க. ஒரு நிமிஷ வேலை.

பாபின்கேஸ்

மூடியைத் திறந்து வெச்சு உள்ளிருந்து வெளியே அடிச்சா பரவாயில்லை. ஆனா பாதிப்பேர் மூடினபடியே மேலிருந்து அடிக்கிறாங்க. வெளியே கிடந்த தூசி பேரிங் பக்கமும் எண்ணெய்த் தொட்டிக்கும் போயிடுது. 10 அடி அறையில அடிச்சா அது போற இடம் பக்கத்து மிஷினும் தைச்சு வெச்ச துணியும்தான். வேற கலர் பிசிறு ஒட்டுதுன்னு கேட்டிருக்காங்களே, இதுவும் ஒரு வழி. கறுப்பு, மெரூன் தைச்ச கையோட வெள்ளைத் துணியை ஓவர்லாக்ல விடாதீங்க. பிரஷ் போட்டு, வெள்ளை வேஸ்ட் துணில அரை அடி ஓட்டிப் பார்த்துட்டு விடுங்க.

சர்வோ மோட்டார் (பெடல் மிதிச்சா மட்டும் சுத்துறது) இருந்தா அதோட காத்து ஓட்டைகளையும் பாருங்க. தூசி அடைச்சா சூடாகும். பிளக்கைப் பிடுங்கிட்டு அங்கே மட்டும் வேக்குவம் வையுங்க.

ரவிக்கைப்பட்டி (மதுரை)

தரைக்கு வர்றேன். துடைப்பம் ரெண்டையும் ஓரமா வெச்சுட்டு, குளியலறையில தண்ணி தள்ளுற ரப்பர் வைப்பரைக் காய்ஞ்ச தரையில இழுங்க. அதுக்குன்னே ஒரு புதுசு வாங்கி வெச்சுக்கங்க. ரப்பர் உராய்வுல நூலெல்லாம் கயிறு மாதிரி திரண்டு வரும், கையால சுருட்டி எடுத்துடலாம். மொசைக்குக்கு இதைவிட நல்லது இல்லை. மாப் போடுறது அதுக்கு அப்புறம்தான். முதல்லயே ஈரம் பட்டா பாலியஸ்டர் நூல் தரையோட ஒட்டி, மாப்லயும் சுத்திக்கும்.

இழுக்கிறதுக்கு முன்னாடி ஃபேனை நிறுத்துங்க, காந்தம் ஓட்டுங்க. பழைய இரும்புக் கடையில ஸ்பீக்கர் காந்தம் கிடைக்கும்; ஒரு குச்சில கட்டி, மேல பிளாஸ்டிக் கவர் போட்டு ஓட்டுங்க. கவரை உருவினா குண்டூசியெல்லாம் டப்பால உதிர்ந்துடும். பித்தளைக் கொக்கி, பித்தளை ஊசி காந்தத்துல ஒட்டாது, அதைக் கண்ணால பார்த்துத்தான் எடுக்கணும். ஊசி உடைஞ்சா துண்டுகளைச் சேர்த்து வெச்சு முழு நீளம் வருதான்னு பாருங்க. முனை காணோம்னா அது பெரும்பாலும் துணிலதான் இருக்கும். எக்ஸ்போர்ட் கம்பெனில உடைஞ்ச ஊசித் துண்டுகளை நோட்டுல ஒட்டிக் கணக்கு வைக்கிறது இதுக்காகத்தான்.

வாசல்ல ஒரு சொரசொரப்பான மிதியடி போட்டு, அறைக்குன்னு தனிச் செருப்பு வெச்சுட்டா அடுப்படிக்கு நூல் போகாது. வீட்டுல பூனை இருந்தா ரொம்பக் கவனம். நூலை முழுங்கினா குடலைச் சுருக்கிடும். நூலை ஜன்னல் வழியா வெளியே உதறவும் கூடாது. புறா, காக்கா கால்ல சுத்தி இறுக்கி விரலே போயிடும்.

தைச்ச துணில ஒட்டின பிசிறுக்கு: காட்டன், சிந்தெடிக்னா லேசா ஈரமாக்கின ரப்பர் கிளவுஸைப் போட்டு ஒரே திசையில தடவுங்க. பட்டுல ஈரம் கூடாது, நீர்த்தடம் விழும். அதுக்குக் காய்ஞ்ச மென்மையான பிரஷ். ஜரிகை மேல செல்லோ டேப் ஒட்டி எடுத்தா ஜரிகையும் கூட வரும். ஊதுபத்தியால பிசிறைச் சுடுறதையும் விட்டுடுங்க. பாலியஸ்டர் நூல் உருகி முனையில மணி மாதிரி இறுகி, அக்குள் பக்கம் குத்தும். முனையில மூணு நாலு தையல் ரிவர்ஸ் அடிச்சுட்டு ஒட்ட வெட்டுங்க.

ஊசிமுனை (ஈரோடு)

ரொம்ப நன்றிங்க. ரப்பர் வைப்பர் இன்னிக்கே இழுத்துப் பார்த்தேன், நிஜமாவே கயிறு கயிறா வருது. மூணு சாக்குக்கு ஒரு வழி சொல்லுங்க. தலைகாணில அடைக்கலாமா? இல்லேன்னா போகிக்குக் கொளுத்திடலாமான்னு வீட்டுல கேக்கறாங்க.

ரவிக்கைப்பட்டி (மதுரை)

கொளுத்தாதீங்க. பாதி பாலியஸ்டர், உருகிச் சொட்டிக்கிட்டே எரியும், நாத்தப் புகைதான் வரும். மண்ணுல புதைக்கிறதும் ஆகாது. துணி காட்டனா இருந்தாலும் தைச்ச நூல் பாலியஸ்டர்தான், அது மக்காது.

சாக்குல போடுறதுக்கு முன்னாடியே பிரிச்சிருந்தா இவ்வளவு சேர்ந்திருக்காது. டேபிளுக்கு அடியில நாலு டப்பா. ஓரம் ஆறு இன்ச்சுக்கு மேல இருக்கிறது ஒண்ணு: கழுத்துப் பட்டி, கொக்கிப் பட்டி, உள்பக்க ஒட்டு. குறுக்கா வெட்ட இடம் இருக்கிற துண்டை ஒன்றேகால் இன்ச் பைப்பிங் நாடாவா அப்பவே வெட்டிச் சுருட்டிடுங்க. துண்டா வெச்சா மறந்துடும். ரெண்டுல இருந்து ஆறு இன்ச் வரைக்கும் ரெண்டாவது: பட்டன் மூட, கயிறு முனைக் குஞ்சம். அதுக்குக் கீழே சுத்தக் காட்டன் மூணாவது, மத்ததெல்லாம் நாலாவது.

கஸ்டமர் துணியோட மிச்சம் இந்த டப்பாக்குள்ள போகவே கூடாது. பிளவுஸோட சேர்த்துச் சுருட்டி ஊக்குல குத்திக் கொடுங்க. பின்னாடி பிரிச்சு விடணும்னா அந்தத் துண்டு இல்லாம கலர் ஒத்துவராது. சண்டையும் வராது.

தலைகாணிக்கு வேண்டாம். துண்டுத்துணி கனம், கட்டி கட்டியாப் போகும், துவைச்சா உள்ளே காயாது, மழைக்காலத்துல வாடை அடிக்கும். உட்காருற திண்டுக்குச் சரி.

பவர்டேபிள் (திருப்பூர்)

விக்கிறதுன்னா: பனியன் வேஸ்ட்டை அரைச்சுப் பஞ்சாக்கி நூல் திரிக்கிற ஓபன் எண்ட் மில்லுக எங்க பக்கம் நிறைய. ஆனா அவங்களுக்கு வேணும்கிறது காட்டன், அதுவும் கலர் வாரியாப் பிரிச்சது. வெள்ளைக்குத்தான் விலை. ஜரிகை, லைனிங், நெட், கேன்வாஸ் கலந்த பிளவுஸ் வேஸ்ட்டை எடுக்க மாட்டாங்க. உங்க மூணாவது டப்பாவைத் தனியாச் சேர்த்து ஒரு சாக்கு நிறைஞ்ச பிறகு வேஸ்ட் வாங்கற கடைல கேட்டுப் பாருங்க. ஈரம் பட்டிருந்தா திருப்பி விட்டுடுவாங்க. மிஷின் துடைக்க வொர்க்ஷாப்லயும் காட்டன் துண்டு கேப்பாங்க, அதுக்கு உள்ளங்கை அளவாவது இருக்கணும். நாலாவது டப்பா உலர் குப்பைலதான் போகணும். உடைஞ்ச ஊசி, பிளேடை அதுல கலக்காம, மூடியுள்ள பழைய மாத்திரை டப்பால போட்டு டேப் சுத்திக் கொடுங்க, குப்பை பிரிக்கிறவங்க கை கிழிஞ்சுடும்.

பாபின்கேஸ்

ஒண்ணு விட்டுப்போச்சு. சின்னக் காட்டன் துண்டுல அயர்ன் பண்ற உருண்டை ஒண்ணு செஞ்சுக்கங்க. பிளவுஸ் கப், தோள் வளைவு தேய்க்க உதவும். 10க்கு 14 இன்ச்ல முட்டை வடிவமா ரெண்டு காட்டன் துணி வெட்டித் தைச்சு, கை விட ஓட்டை விட்டு, குச்சியால குத்திக் குத்தி அடைக்கணும். அமுக்கினா உள்ளே போகக் கூடாது, அவ்வளவு இறுக்கம். ஒன்றரை கிலோ வரைக்கும் உள்ளே போயிடும். பாலியஸ்டர் துண்டு ஒண்ணு கலந்தாலும் சூட்டுல உருகி ஒட்டும், அதனால மூணாவது டப்பாவை மட்டும் எடுங்க. அடைக்கிறதுக்கு முன்னாடி துண்டுகளை உதறி அந்த ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு தடவை ஓட்டிடுங்க.