ஞாயிறு மதியத்துக்குள் 20 எலும்புக்கூடுகள்

குழு: வடக்கு மாசி வீதிக் குடும்பம்

வெள்ளி மாலை

செந்தில் (லெஸ்டர்): கண்ணா, ஒரு உதவி. ஞாயிறு மதியம் ஆதிக்கு நூலகத்து கிளப்பில் முதல் வார்ஹாமர் ஆட்டம், அதுதான் சின்னப் பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி மோதவிடுவது. எலும்புக்கூட்டுப் படை, 20 பேர். ஒட்டி முடித்துவிட்டான், ஆனால் எல்லாம் சாம்பல் பிளாஸ்டிக்காகவே நிற்கிறது. அதற்குள் பெயின்ட் அடிக்க முடியுமா?

கண்ணன் (நாட்டிங்ஹாம்): தாராளமாக முடியும் அண்ணா. அதுவும் எலும்புக்கூடு என்றால் கவலையே வேண்டாம். விலா எலும்பு, பல், கண்குழி என்று உடம்பு முழுக்க மேடும் பள்ளமும்தான். ஒரே பூச்சில் முடிகிற பெயின்ட் அதை நம்பித்தான் வேலை செய்கிறது.

ஆதி: கான்ட்ராஸ்ட் பெயின்டா சித்தப்பா?

கண்ணன்: அதேதான். சிட்டடெல் பிராண்டின் கான்ட்ராஸ்ட், 2019இல் வந்தது. அதற்கு முன்னால் அடிநிறம், அதன்மேல் வாஷ், அப்புறம் மேடுகளில் வெளிர் நிறம் என்று மூன்று கட்டமாகச் செய்வோம். இது ஒளி ஊடுருவுகிற பெயின்ட். மேட்டில் மெல்லியதாக நிற்கும், பள்ளத்தில் தேங்கிக் கருக்கும். வெளிச்சமும் நிழலும் ஒரே தடவையில் வந்துவிடும்.

நித்யா (சென்னை): வாஷும் பள்ளத்தில்தானே போய்த் தேங்கும்? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கண்ணன்: வாஷ் தண்ணீர் மாதிரி அக்கா. ஏற்கெனவே நிறம் அடித்த பொம்மைக்கு நிழல் மட்டும் தரும். கான்ட்ராஸ்டில் நிறமி அதிகம், அதனால் நிறமும் அதுவே நிழலும் அதுவே. ஆனால் அடியில் இருக்கிற வெளிர் நிறம்தான் மேட்டில் தெரியும். ஆகவே பாதி வேலை பிரைமரில், அதாவது முதலில் அடிக்கிற அடிப்பூச்சில் இருக்கிறது.

செந்தில்: வீட்டில் கறுப்பு ஸ்பிரே ஒன்று கிடக்கிறது. போதுமா?

கண்ணன்: வேண்டாம் அண்ணா, கறுப்புக்கு மேல் நேராக அடித்தால் எதுவும் தெரியாது. ரெய்த்போன் என்று ஒரு ஸ்பிரே, தந்த நிறம், எலும்புக்கு அதுதான். கிரே சீர் கொஞ்சம் குளிர்ந்த சாம்பல், பேய்களுக்கு நன்றாக இருக்கும். நாளைக்குக் காலையில் கடையில் வாங்கிவிடுங்கள். அதே ரெய்த்போன் குப்பியிலும் கிடைக்கும், அதையும் ஒன்று. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

சனி காலை

ஆதி: வாங்கியாச்சு! ஸ்கெலிட்டன் ஹோர்ட் (எலும்பு நிறம்), ஸ்னேக்பைட் லெதர் (பழுப்பு), பிளட் ஏஞ்சல்ஸ் ரெட் (சிவப்பு), நுல்ன் ஆயில் (கறுப்பு வாஷ்), லெட்பெல்ச்சர் (இரும்பு நிறம்), பெரிய ரெய்த்போன் ஸ்பிரே, சின்ன ரெய்த்போன் குப்பி.

கண்ணன்: சரியான பட்டியல். இப்போது அங்கே மழையா?

செந்தில்: விட்டுவிட்டது. ஆனால் ஈரமாக இருக்கிறது.

கண்ணன்: அப்படியானால் மதியம் வரை பொறுங்கள். குளிரும் ஈரமும் இருந்தால் ஸ்பிரே மணல் தூவியது போலச் சொரசொரப்பாக உட்காரும். அந்தச் சொரசொரப்பில் கான்ட்ராஸ்ட் ஓடாது. டப்பாவை நன்றாக, கை வலிக்கிற வரை குலுக்குங்கள். 25–30 செ.மீ. தள்ளி நின்று, சட்டென்று ஒரு இழுப்பு, நிறுத்து, இன்னொரு இழுப்பு. ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். கதவை மூடிக்கொண்டு அறைக்குள் அடிக்கவே கூடாது.

சரோஜா பெரியம்மா (மதுரை): வீட்டுக்குள்ளே அந்த நாற்றம் வேண்டாம் செந்தில். பிள்ளைக்கு முகமூடி போட்டு விடு.

செந்தில்: சரி பெரியம்மா, நான்தான் வெளியே நின்று அடிக்கப் போகிறேன்.

சனி மதியம்

ஆதி: ஸ்பிரே காய்ந்துவிட்டது. முதல் ஆளை முழுசாக முடிக்கட்டுமா?

கண்ணன்: வேண்டாம்டா. இருபது பேரையும் வரிசையாக நிறுத்து. முதலில் ஸ்கெலிட்டன் ஹோர்ட் மட்டும், எல்லாருக்கும் எலும்பு முழுக்க. கடைசி ஆளை முடிக்கும்போது முதல் ஆள் ஓரளவு காய்ந்திருப்பான். பிரஷில் பெயின்ட் தாராளமாக எடு. தலையை முடித்துவிட்டுக் கை, கையை முடித்துவிட்டு விலா. பாதி காய்ந்த இடத்துக்குத் திரும்பப் போகாதே, கறை கறையாக நிற்கும்.

நித்யா: பெயின்ட் கெட்டியாகத் தெரிந்தால் தண்ணீர் விடலாமா?

கண்ணன்: கொஞ்சம் விட்டால் பரவாயில்லை. ஆனால் அதிகமானால் பள்ளத்தில் ஒழுங்காகப் போய் உட்காராமல் ஓரத்தில் கோடு விட்டுக் காயும். கான்ட்ராஸ்ட் மீடியம் என்றே தனியாக விற்கிறார்கள், அதுதான் சரி. ஆதிக்கு இன்று அது தேவையில்லை.

ஆதி: [படம்] தாடைக்குக் கீழே ஒரு பெரிய சொட்டு நிற்கிறது

கண்ணன்: பிரஷைக் கழுவி, துணியில் ஒற்றி, அந்த ஈர நுனியால் சொட்டைத் தொடு. அதுவே உறிஞ்சிக்கொள்ளும். தேய்க்காதே. விலா எலும்பெல்லாம் பிரமாதமாக வந்திருக்கிறது, பார்த்தாயா?

நித்யா: உண்மையாகவே நன்றாக இருக்கிறது. ஆனாலும் கண்ணா, இது குறுக்கு வழி என்று எனக்கு ஓர் உறுத்தல். வாட்டர்கலரில் ஒரு முகத்துக்கு நிழல் கொடுக்கவே ஒரு மாலை போகும்.

கண்ணன்: ஒரே ஒரு தளபதி, அலமாரியில் வைத்துக் கிட்டத்தில் பார்க்கப் போகிறோம் என்றால் நானும் அப்படித்தான் செய்வேன் அக்கா, இந்தப் பெயின்டோடு நிறுத்த மாட்டேன். இது படை. மேசையில் மூன்றடி தள்ளி நின்று பார்ப்பது. ஒவ்வொருவனுக்கும் ஒரு மாலை கொடுத்தால் பாதிப் படை வருஷக்கணக்கில் பெட்டியிலேயே கிடக்கும். பெட்டியில் கிடக்கும் அழகைவிட ஆட்டத்துக்கு வரும் படை மேல் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பையன் இரண்டே நாளில் முழுப் படையை மேசையில் நிறுத்துகிறான் என்றால் அந்தப் பெயின்ட் நல்ல காரியம்தான் செய்கிறது.

நித்யா: அது சரி. ஒப்புக்கொள்கிறேன்.

சரோஜா பெரியம்மா: நம்ம கொலு பொம்மைக்கு இது ஆகுமா கண்ணா? தசாவதார செட்டில் சாயம் மங்கிவிட்டது.

கண்ணன்: முகத்துக்கும் வயிற்றுக்கும் ஆகாது பெரியம்மா. வழவழப்பான பெரிய இடத்தில் இது திட்டுத் திட்டாக நிற்கும். அதனால்தான் இங்கே டாங்கிக்கெல்லாம் யாரும் இதை மட்டும் நம்பி அடிப்பதில்லை. கிரீடம், மாலை, பஞ்சகச்ச மடிப்பு, மச்சாவதாரத்தின் செதில் இதற்கெல்லாம் ரொம்ப நன்றாக வரும். ஆனால் காகிதக் கூழும் மண்ணும் பெயின்டைக் குடித்துவிடும். முதலில் வெள்ளை பிரைமர் அடித்துக் காயவைக்க வேண்டும். வரும்போது நான் இரண்டு குப்பி கொண்டுவருகிறேன்.

சனி இரவு

ஆதி: கேடயத்துக்கு ஸ்னேக்பைட், கந்தல் துணிக்குச் சிவப்பு முடிந்தது. ஆனால் சிவப்பு ஒருவனுடைய கால் எலும்பில் வழிந்துவிட்டது 😭

கண்ணன்: அதற்குத்தான் அந்தக் குப்பி. இந்தப் பெயின்ட் எதையும் மறைக்காது, ஆகவே மேலே எலும்பு நிறம் அடித்தாலும் சிவப்பு தெரியும். கறையின்மேல் குப்பி ரெய்த்போனை இரண்டு மெல்லிய பூச்சாக அடி. காய்ந்த பிறகு அந்த இடத்துக்கு மட்டும் ஸ்கெலிட்டன் ஹோர்ட். வாளுக்கு லெட்பெல்ச்சர், அது முழுக்கக் காய்ந்ததும் மேலே நுல்ன் ஆயில். பளபளப்பு அடங்கி, பழைய இரும்பு மாதிரி ஆகிவிடும்.

ஞாயிறு காலை

ஆதி: [படம்] 20 பேரும்!!

சரோஜா பெரியம்மா: அடேயப்பா, நிஜ எலும்பு மாதிரியே இருக்கிறது. தங்கம்!

நித்யா: சிவப்புத் துணி மடிப்பு எவ்வளவு அழகு ஆதி.

கண்ணன்: அருமைடா! இன்னும் இரண்டு வேலைதான். பீடத்தின் விளிம்பைச் சுற்றிக் கறுப்பை ஒழுங்காக அடி. அது சுத்தமாக இருந்தாலே முழுப் படையும் நேர்த்தியாகத் தெரியும். அப்புறம் மேட் வார்னிஷ், பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சு. கையில் எடுத்து எடுத்து வைக்கும்போது முட்டி, மண்டை எல்லாம் சாயம் தேய்ந்து அடியில் இருக்கிற வெளிர் நிறம் தெரிய ஆரம்பிக்கும், கான்ட்ராஸ்டில் அது சீக்கிரமே நடக்கும்.

செந்தில்: வார்னிஷ் ஸ்பிரே இல்லையே. கடை பதினொன்றுக்குத்தான் திறக்கும்.

கண்ணன்: அப்படியானால் இன்று வேண்டாம் அண்ணா, அவசரமாக அடித்துக் காயாமல் கொண்டுபோகக் கூடாது. இன்று பீடத்தை மட்டும் பிடித்து நகர்த்தச் சொல்லுங்கள். நாளை நல்ல வெயில் பார்த்து அடியுங்கள். ஆதி, எதிரே எந்தப் படை?

ஆதி: ஆர்க் அரக்கர்கள்! பச்சை! அவனும் இன்னும் பெயின்ட் அடிக்கவில்லையாம். உங்கள் நம்பர் கொடுக்கட்டுமா?

கண்ணன்: நீயே சொல்லிக்கொடுடா, உனக்குத்தான் தெரியுமே. ஆர்க் தோலுக்கும் இதே வழிதான், எலும்பு நிறத்துக்குப் பதில் பச்சை.