ஸ்டெம் முறிந்து கிரவுனுக்குள் மாட்டிக்கொண்டது: கிரவுனைக் காப்பாற்ற முடியுமா?

பல்சக்கரம் கேட்டது:

கைக்கடிகாரம், உள்ளே ஈட்டா 2824-2 மெஷின் (தானாகச் சாவி ஏறும் வகை), திருகி மூடும் கிரவுன் (சாவி கொடுக்கும் பக்கக் குமிழ்). சாவி கொடுக்கும்போது கிரவுன் மட்டும் கையோடு வந்துவிட்டது. ஸ்டெம்மின் (கிரவுனை மெஷினோடு இணைக்கும் தண்டு) மரைப் பகுதி கிரவுனுக்குள்ளேயே நிற்கிறது, பிடித்துத் திருக வெளியே எதுவும் நீட்டிக்கொண்டில்லை. மிச்சத் தண்டு மெஷினில்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கேஸ் (வெளிக்கூடு) குழாய்க்குள் அதன் நுனி தெரிகிறது. வாட்ச் ஓடுகிறது.

முத்திரையுள்ள கிரவுன் என்பதால் மாற்ற விருப்பமில்லை. உள்ளே இருக்கும் துண்டை எப்படி எடுப்பது? புது ஸ்டெம்மை எந்த அளவில் வெட்டுவது? ஏன் முறிந்தது என்றும் தெரிந்தால் நல்லது.

---

சிறுதிருகு:

கடைசிக் கேள்வியை முதலில் பாருங்க. முறிந்த முகத்தை 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். முழுக்கப் பளிச்சென்ற சாம்பல் நிறமாக இருந்தால் ஒரே தடவையில் முறிந்தது. அனேகமாக, இழுத்த நிலையில் கிரவுன் எதிலோ இடித்திருக்கும். ஓரத்தில் பழுப்பும் நடுவில் பளபளப்பும் இருந்தால் விரிசல் பழசு, ஈரம் இறங்கித் துரு தின்றிருக்கிறது. அப்படியானால் குற்றவாளி ஸ்டெம் இல்லை, கிரவுனுக்குள் இருக்கும் ரப்பர் வளையம். அது காய்ந்து இறுகினால் தண்ணீரையும் விடும், திருகும்போது முறுக்கு விசையையும் ஏற்றும். தண்டு பெரும்பாலும் மரை தொடங்கும் இடத்தில்தான் முறியும், மெலிசான இடங்களில் அதுவும் ஒன்று.

மெஷினில் இருக்கும் துண்டை எடுக்க: பின்மூடியைத் திறந்ததும் ஸ்டெம் நுழையும் இடத்துக்கு அருகே சின்னக் குழியுள்ள அழுத்துமுனை தெரியும். 0.8 மி.மீ. திருப்புளியால் அதை மெதுவாக அழுத்திக்கொண்டே, வெளியே இருந்து மெல்லிய ட்வீசரால் நுனியைப் பிடித்து இழுங்க. பிடி கிடைக்கவில்லையா, கிரவுன் பக்கம் கீழே வரும்படி வாட்சைச் சாய்த்து, அழுத்தியபடியே கேஸை விரலால் தட்டுங்க. அந்தத் துண்டு வெளியே வராமல் மெஷினைத் தூக்க முயலாதீங்க. நுனி குழாய்க்குள் இருப்பதால் தடுக்கும், நெம்பினால் வளையும்.

வந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க. நீளம் அளக்க வேண்டும்.

---

மரை_கழன்றவன்:

மேலே சொன்னதில் "மெதுவாக" என்ற சொல்லுக்கு ரெண்டு கோடு போடுங்கள். 2824-ல் அந்த முனையை ஒரு மயிரிழை அதிகம் அழுத்தினால் உள்ளே செட்டிங் லீவர் (ஸ்டெம்மைப் பிடித்து நிறுத்தும் நெம்பு) நுகத்தை (கிளட்ச் சக்கரத்தை நகர்த்தும் நெம்பு) விட்டு விலகிவிடும். பிறகு புது ஸ்டெம் நுழையும், ஆனால் நிற்காது. அல்லது சாவி ஏறும், முள் நகராது. அதைத் திரும்ப உட்கார வைக்க முள், டயல் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

இனி கிரவுன். படிகாரம்தான் மருந்து. 100 மி.லி. வெந்நீரில் 20–25 கிராம் படிகாரத்தைக் கரைத்து, கண்ணாடிக் குப்பியில் கிரவுனை மரைத்துளை மேலே பார்க்கும்படி போட்டு, 60 டிகிரி அளவில் சூடாகவே வைத்திருங்கள். குளிர்ந்தால் படிகம் கட்டும், வேலையும் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் துளையிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பினால் கரைகிறது என்று அர்த்தம். சில மணிக்கொரு தடவை எடுத்து, கறுப்புக் கசடை ஊசியால் சுரண்டிவிட்டு மறுபடி போடுங்கள். துண்டு பெரிதாக இருந்தால் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். பித்தளையும் துருப்பிடிக்காத எஃகும் தாங்கும். முலாம் பூசியதென்றால் மங்கக்கூடும், அடிக்கடி பாருங்கள். முடிந்ததும் சோடா உப்பு நீரில் அலசி, பிறகு நல்ல தண்ணீரில் கழுவிக் காய வைக்கவும்.

---

நூலிழை:

ஒரு நிமிஷம். இது திருகி மூடும் கிரவுன். உள்ளே ஸ்பிரிங் இருக்கும். அது சாதாரண எஃகாக இருந்தால் தண்டோடு சேர்ந்து அதுவும் கரைந்துபோகும். தண்டு போய்க் கிரவுன் சுத்தமாக வரும், அமுக்கினால் எழும்பாது!

அதனால் படிகாரம் கடைசி வழி. முதலில் லாக்டைட்டை (மரை கழலாமல் பிடிக்கப் போடும் பசை) இளக்கப் பாருங்கள். பழைய ரப்பர் வளையத்தை ஊசியால் எடுத்துவிடுங்கள், எப்படியும் மாற்ற வேண்டியதுதான். அசிட்டோனில் ஒரு ராத்திரி ஊற விடுங்கள். பிறகு சால்டரிங் அயர்ன் நுனியைக் கிரவுனில் அரை நிமிஷம் வைத்துச் சூடேற்றி, துண்டின் விளிம்பில் கூரான ஊசியை ஊன்றி இடப்பக்கமாகத் தள்ளுங்கள். துரு பிடிக்காத துண்டு பல நேரம் இதற்கே சுழன்று மேலே வந்துவிடும்.

---

பல்சக்கரம்:

முறிவு முகத்தில் முக்கால்வாசி பழுப்பு. அசிட்டோனும் சூடும் வேலை செய்தன, துண்டு வெளியே வந்துவிட்டது, ஸ்பிரிங் எழும்புகிறது. இனி நீளம்?

---

சிறுதிருகு:

நல்லது. இரண்டு துண்டையும் முறிந்த முகம் பொருந்த வைத்து வெர்னியரில் அளந்தால் மொத்த நீளம் கிடைத்துவிடும். புது ஸ்டெம் நீளமாகத்தான் வரும், மரை 0.90 மி.மீ. வெட்ட வேண்டியது மரை உள்ள முனையில். அளவைவிட 0.3 மி.மீ. கூட விட்டு வெட்டி, பின்வைஸில் (pin vise, சின்னக் கைப்பிடிப் பற்றி) பிடித்து அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்க. கட்டர் நசுக்கிய முதல் மரையை லேசாகச் சரித்துவிடாவிட்டால் கிரவுனின் மரையையும் கெடுத்துவிடும்.

ஒட்டாமல் கிரவுனை ஏற்றிச் சோதியுங்க. கட்டையாகப் போனால் கிரவுன் குழாயில் முட்டி, தண்டு முழுதாக உள்ளே உட்காராது. சாவி நழுவும், அல்லது தேதி நிலையிலேயே தொங்கும். நீளமென்றால், திருகி மூடும் கடைசி அரைச் சுற்றில் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி விறைக்கும். அப்போது பலம் காட்டாமல் இன்னும் 0.1 மி.மீ. தேயுங்க. சாவி, தேதி, முள் மூன்று நிலையும் தெளிவாகச் சொடுக்கினால் சரி.

பிறகு மரையில் லாக்டைட் 222 ஊசிமுனை அளவு ஒரே புள்ளி. அதிகமானால் ஸ்பிரிங்கில் வழிந்து ஒட்டிவிடும். சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி டயலில் வெள்ளையாகப் படியும். 24 மணி நேரம் விடுங்க.

---

நூலிழை:

கிரவுன் வளையத்தோடு குழாயில் இருக்கும் வளையத்தையும் மாற்றுங்கள், சிலிக்கோன் கிரீஸ் பட்டும் படாமல். முக்கால்வாசி பழுப்பென்றால் ஈரம் தண்டோடு நின்றிருக்காது. கிளட்ச் சக்கரம் (தண்டின் மேல் நகரும் பல்சக்கரம்) இருக்கும் இடத்தில் சிவப்புத் தூள் தெரிந்தால் மெஷினையே கழற்றிச் சுத்தம் செய்யாமல் மூடாதீர்கள்.

சாவி கொடுக்கும்போது ரோட்டரும் (கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடைத்தகடு) கூடவே சுழல்கிறதா என்றும் பாருங்கள். சுழன்றால் ரிவர்சிங் சக்கரங்கள் (ரோட்டர் எந்தப் பக்கம் சுழன்றாலும் சாவி ஏற வைப்பவை) எண்ணெய் இல்லாமல் காய்ந்திருக்கின்றன. அந்தச் சுமையும் இதே தண்டின் மேல்தான் விழும்.