மாடர்ன் க்வில்ட் டாப் ரெடி. உள்ள எந்த பேட்டிங் (நடு அடுக்கு) வைக்கிறது, மெஷின்ல எப்படி டிசைன் ஓட்டுறது?

நகரி_நூல்:
எல்லாருக்கும் வணக்கம். நான் நகரி பக்கம். எங்க அண்ணன் பொண்ணு வேலைக்காக பெங்களூர் போறா, அவளுக்கு ஒரு க்வில்ட் (மூணு அடுக்கு சேர்த்து தைக்கிற போர்வை) தைச்சுட்டு இருக்கேன், டாப், அதாவது மேல் அடுக்கு, முடிஞ்சிருச்சு, 60க்கு 72 இன்ச். ஆஃப் வைட் பிளெயின் காட்டன்தான் முக்கால்வாசி, ஒரு ஓரமா மட்டும் காளஹஸ்தி கலம்காரி துண்டுங்கள சாய்வு சாய்வா வெட்டி சேர்த்திருக்கேன். மீதி வெறும் எடம் நெறய இருக்கு, அங்க தையலே டிசைனா தெரியணும்னு ஆசை. துணி எல்லாம் வெட்டுறதுக்கு முன்னாடியே அலசி காய வச்சதுதான்.

இப்ப ரெண்டு விஷயத்துல முடிவெடுக்க முடியல. உள்ள வைக்க மெத்தை கடைல பாலிஃபில் (பாலியெஸ்டர் பஞ்சு) ஷீட் இருக்கு, பொசுபொசுன்னு, விலையும் கம்மி. ஆன்லைன்ல காட்டன் பேட்டிங் பாத்தேன், விலை ரொம்ப ஜாஸ்தி. எங்க அத்தை, எதுக்கு இந்த செலவு, பழைய காட்டன் சேலைய ரெண்டு மூணு அடுக்கா வச்சு பொந்த போர்வை மாதிரி தைச்சுடுன்னு சொல்றாங்க. அடுத்தது, எங்கிட்ட இருக்கிறது உஷா ஜனோம் வீட்டு மெஷின், வாக்கிங் ஃபுட் (மேல் துணியையும் சேர்த்து நகத்துற ஃபுட்) வாங்கி வச்சிருக்கேன். மெஷின்லயே இருக்கிற அலை தையல், இலை தையல் எல்லாம் க்வில்டிங்குக்கு ஓட்டலாமா, இல்ல ஃப்ரீ மோஷன்தான் (கையாலயே துணிய நகத்தி ஓட்டுறது) கத்துக்கணுமா? நடுவுல துணி கூடி மடிப்பு விழுமோன்னுதான் பயம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறை_அக்கா:
கண்ணு, மொதல்ல பேட்டிங்க முடிவு பண்ணுங்க, டிசைன் அதுக்கப்புறம்தானுங்க. ஏன்னா எந்த பேட்டிங் வைக்கறீங்களோ அதுதான் எத்தன இன்ச்சுக்கு ஒரு தையல் ஓட்டணும்னு சொல்லும். ஸ்க்ரிம்னு ஒரு மெல்லிசான வலை மாதிரி சேர்த்து ஊசில குத்தி இறுக்கின காட்டன் பேட்டிங்னா 8லருந்து 10 இன்ச் எடைவெளி விட்டாக்கூட உள்ள நகராது. ஸ்க்ரிம் இல்லாத காட்டன்னா 3, 4 இன்ச்சுக்குள்ள தையல் வந்தே ஆகணும், இல்லீனா துவைக்கத் துவைக்க பஞ்சு ஒரு பக்கம் போயி கட்டிக்கும். பாக்கெட்லயே அந்த அளவு போட்டிருக்கும், அத மட்டும் பாக்காம வாங்காதீங்க.

உங்க டாப்புக்கு நான் காட்டன்தானுங்க சொல்லுவேன், முடியலீனா 80 காட்டன் 20 பாலியெஸ்டர் கலந்தது. மாடர்ன் க்வில்ட்னா தட்டையா, துணி மாதிரி விழணும், நேர்கோடுக பளிச்சுனு தெரியணும். அந்த பொசுபொசு பாலிஃபில்ல நெருக்கமா ஓட்டினா வெறைப்பாயிடும், தள்ளித் தள்ளி ஓட்டினா ரஜாய் மாதிரி உப்பும். பாலியெஸ்டர்ல இன்னொரு சங்கடம், அதோட இழை துணி வழியா மெல்ல வெளிய வரும், ஆஃப் வைட்ல தெரியாது, கலம்காரி கறுப்பு மேல வெள்ள வெள்ளயா தெரியும். சூடான இஸ்திரி பெட்டியும் அது மேல வைக்க முடியாது, உருகிரும்.

காட்டன் பேட்டிங் மொத துவையல்ல 3லருந்து 5 சதவீதம் சுருங்கும். 72 இன்ச்சுக்கு அது 2லருந்து மூணரை இன்ச் வருதுங்க. துணி முன்னாடியே அலசினதுங்கறதால பேட்டிங் மட்டும் சுருங்கி மேல சின்னச் சின்ன சுருக்கம் விழும், பழைய போர்வை மாதிரி மெத்துனு இருக்கும், எனக்கு அதுதான் புடிக்கும். சுருக்கமே வேண்டாம்னா பேட்டிங்க தண்ணில முக்கி, முறுக்காம, தட்டையா போட்டு காய வச்சிட்டு வையுங்க. மெஷின்ல போட்டு சுத்த விட்டுடாதீங்க, பிஞ்சு போயிரும்.

அத்தை சொன்னதும் தப்பில்லீங்க. நல்லா நைஞ்ச காட்டன் சேலை, இல்லீனா ஃபிளானல் துணி, ஒரே அடுக்கு வச்சாலும் வெயில் ஊருக்கு அருமையான க்வில்ட் வரும். ஆனா சேலை அடுக்கு ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும், ஊக்கு ரொம்ப நெருக்கமா குத்தணும், அப்பறம் தையல் ஓட்டின எடத்துல அந்த மேடு பள்ளம் அவ்வளவா வராது. வெறும் எடத்துல டிசைன் தெரியணும்னு ஆசப்படறீங்க, அதனாலதான் காட்டன் பேட்டிங்கறேன்.

மூணாறு_லயம்:
அக்கா சொன்னது வெயில் ஊருக்கு சரி, ஆனா பாலியெஸ்டர ஒரேயடியா தள்ளிடாதீங்க. எங்க எஸ்டேட்ல ஜூன் ஜூலை ஆகஸ்ட் மழையில காட்டன் க்வில்ட் துவைச்சா நாள் கணக்கா காயாது, வாடை வந்துடும், அந்த மூணு மாசமும் பாலியெஸ்டர் வச்சதுதான் வெளியில எடுப்போம், ஏன்னா அது தண்ணிய குடிக்காது, சீக்கிரம் காஞ்சிடும். சின்னப் புள்ளைங்க போர்வைக்கும் அதுதான் வசதி, அடிக்கடி துவைக்கணுமே.

தையல் மேடு நல்லா எழும்பி தெரியணும்னா கம்பளி பேட்டிங்க அடிச்சுக்க ஒண்ணும் கிடையாது. எடை கம்மி, மடிச்சு வச்சாலும் கோடு விழாது, ஜனவரில பூஜ்யத்துக்கு பக்கமா போற ராத்திரிக்கும் போதும். காட்சிக்கு வைக்கிற க்வில்ட்டுக்கு கீழ ஒரு காட்டன் மேல ஒரு கம்பளின்னு ரெண்டும் சேர்த்தே வைப்பாங்க. விலைதான் அதிகம், பூச்சி வராம பாத்துக்கணும், குளிர்ந்த தண்ணியில கசக்காம அலசணும். நகரியில வச்சுக்க நான் சொல்ல மாட்டேன், பெங்களூர் குளிருக்குன்னா யோசிக்கலாம்.

ஒண்ணு மட்டும் வேண்டாம், இலவம் பஞ்சு. போடி பக்கத்துல இருந்து வர்ற இலவம் பஞ்சு தலகாணிக்கு ரொம்ப நல்லது, ஆனா அதோட இழை வழுவழுன்னு, ஒண்ண ஒண்ணு பிடிக்காது, க்வில்ட்டுக்குள்ள அடுக்கா நிக்காது.

நகரி_நூல்:
ரொம்ப நன்றிக்கா. ஸ்க்ரிம் இருக்கிற காட்டனே வாங்கிடுறேன், சேலைய வேற ஒரு போர்வைக்கு வச்சுக்கிறேன். இப்ப மெஷின் விஷயம் யாராவது சொல்லுங்களேன்.

செங்கோட்டை_டைலர்:
தங்கச்சி, மெஷின் பத்தி நான் சொல்லுதேன். அலை தையல் தாராளமா ஓட்டலாம், வாக்கிங் ஃபுட்லயே ஓடும், நீளத்தையும் அகலத்தையும் கூட்டி வச்சுக்கிடுங்க, அந்த வெறும் எடத்துல அரை இன்ச், ஒரு இன்ச், ரெண்டு இன்ச்னு எடைவெளிய மாத்தி மாத்தி ஓட்டுனா தண்ணி ஓடுத மாதிரி அழகா வரும். ஆனா இலை தையல், பூ தையல்ல ஊசி முன்ன போயி பின்னால வரும், அந்த மாதிரி தையல வாக்கிங் ஃபுட்ல போடாதீங்க, அது துணிய முன்னால மட்டுந்தான் சேத்து தள்ளும், பின்னால வரும்போது டிசைன் கோணிரும். சாட்டின் மாதிரி அடர்த்தியான தையலும் வேண்டாம், துணிய இழுத்துரும், அந்த எடம் அட்டை மாதிரி ஆயிரும்.

மடிப்பு விழுறது பெரும்பாலும் மெஷினால இல்ல, அடுக்கு சரியா பிடிக்காததால. அடித்துணிய தரையில விறைப்பா விரிச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டுங்க, இழுத்து ஒட்டக்கூடாது, சுருக்கமில்லாம இருந்தா போதும். அது மேல பேட்டிங், அது மேல டாப். உள்ளங்கை வைச்சா அதுக்குள்ள ஒரு ஊக்காவது வரணும், அவ்வளவு நெருக்கமா நடுவுல இருந்து வெளிய குத்திட்டு போங்க. அடித்துணியும் பேட்டிங்கும் நாலு பக்கமும் 4 இன்ச் கூட இருக்கணும், தைக்க தைக்க உள்ள வாங்கும்.

ஊசி 14ம் நம்பர், புதுசா போடுங்க. தையல் நீளம் 3 வைங்க, சட்டைக்கு வைக்கித மாதிரி ரெண்டுல ஓட்டுனா பேட்டிங்குள்ள புதைஞ்சு போயி கோடு தெரியாது. மொதல்ல கலம்காரி துண்டுகளோட இணைப்பு மேலயே ஒரு சுத்து ஓட்டி நங்கூரம் போட்டுக்கிடுங்க, அப்புறம் நடுவுல ஆரம்பிச்சு ஒரு பக்கமா வெளிய வாங்க. பக்கத்து பக்கத்து கோட்டை ஒரே திசையில ஓட்டுங்க, ஒண்ணு மேல இருந்து கீழ, அடுத்தது கீழ இருந்து மேலன்னு ஓட்டுனா ரெண்டுக்கும் நடுவுல துணி சாஞ்சு சாஞ்சு நிக்கும்லா. அப்புறம் முக்கியமா, க்வில்ட்டோட எடை மேசைக்கு கீழ தொங்கக்கூடாது, தொங்குனா ஊசிய இழுக்கும், தையல் சின்னது பெருசா வரும். இடது பக்கம் ஒரு மேசையோ கட்டிலோ போட்டு தாங்கி வைங்க.

ஃப்ரீ மோஷன் கத்துக்கிடுங்க, ஆனா இந்த க்வில்ட்ல ஆரம்பிக்க வேண்டாம். அதுக்கு ஊசிக்கு கீழ துணிய நகத்துத பல்லை இறக்கிரணும், டார்னிங் ஃபுட் போடணும், துணிய நீங்கதான் நகத்தணும், தையல் நீளம் உங்க கையில. வளைவுல கைய வேகமா இழுத்தா பின்பக்கம் மேல் நூல் கண் இமை மாதிரி வரிசையா நிக்கும், அத பாத்தா நூல் டென்ஷன (இறுக்கத்த) திருக ஓடாதீங்க, முதல்ல மெஷின் வேகத்துக்கு கைய சரி பண்ணுங்க. மிச்சப்பட்ட பேட்டிங்ல ஒரு அடி சதுரமா, மூணு அடுக்கும் சேத்து நாலஞ்சு துண்டு பிடிச்சு தினமும் ஓட்டிப் பாருங்க. பெரிய க்வில்ட்டுக்கு வைக்கித அதே துணி, அதே நூல்தான் அதுலயும் இருக்கணும், வேற துணியில சரியா வந்த டென்ஷன் இதுல வராது.

கோடு போட நீல பேனா வாங்குனா, தண்ணியில அலசி கோடு முழுசா போற வரைக்கும் அது மேல இஸ்திரி வைக்காதீங்க, சூட்டுல கறை நின்னுரும். ஆஃப் வைட்டுன்னு சொல்லுதீங்க, ரொம்ப கவனம்.

நகரி_நூல்:
அண்ணா, இவ்வளவு பொறுமையா யாரும் சொன்னதில்ல. அலை தையலே ஓட்டுறேன், நேர்கோடும் கலந்து. கடைசியா ஒண்ணு, அடித்துணி 44 இன்ச் பன்னாதான் (அகலம்) கிடைக்குது, எத்தன மீட்டர் வாங்கணும்? பைண்டிங்குக்கு (ஓரம் கட்டுற பட்டைக்கு) கிராஸ் துண்டு, அதாவது சாய்வா, வெட்டணுமா?

கொழிஞ்சாம்பாறை_அக்கா:
நாலு பக்கமும் 4 இன்ச் சேத்தா உங்களுக்கு 68க்கு 80 வேணும். நீளவாக்குல ஜாயின் போட்டா 80 இன்ச் ரெண்டு துண்டு, நாலு மீட்டருக்கு மேல போயிடும். குறுக்கால ஜாயின் போடுங்க கண்ணு, 68 இன்ச் ரெண்டு துண்டு, மூணரை மீட்டர் போதும், கரைய வெட்டிட்டு தைச்சாக்கூட 80 தாராளமா வரும். கரைய வெட்டாம தைச்சா துவைச்சப்பறம் அந்த எடம் மட்டும் இறுகி நிக்கும்.

நேர் ஓரத்துக்கு கிராஸ் வேண்டாங்க, வளைவு ஓரத்துக்குத்தான் கிராஸ். ரெண்டரை இன்ச் பட்டை 7 வெட்டி, ஜாயின மட்டும் சாய்வா போட்டு, ரெண்டா மடிச்சு இஸ்திரி பண்ணி வையுங்க. சுத்தளவு 264 இன்ச், மூலை திருப்பவும் கடைசில சேக்கவும் மிச்சமே இருக்கும், அரை மீட்டர் துணில முடிஞ்சுரும். அந்த கலம்காரில இருக்கற கறுப்பு கலர்லயே பட்டை போட்டீங்கன்னா ஆஃப் வைட்டுக்கு எடுப்பா இருக்கும், ஆனா கறுப்பு துணிய மொதல்ல தனியா அலசி, ஈரமா இருக்கறப்பவே ஒரு வெள்ளத் துணில அழுத்தி சாயம் ஒட்டுதான்னு பாத்துட்டு வெட்டுங்க.