முறுக்கு பாக்கெட்டுக்கு எந்த நிறம் வைக்கலாம்?

மணப்பாறையில் முறுக்கு போடுகிறோம், 200 கிராம் பாக்கெட். பொங்கலுக்குப் பிறகு கரும்பச்சை உறைக்கு மாறினோம். திருச்சிக் கடைகளில் விற்பனை பாதியாகிவிட்டது. விலை, பக்குவம் எதுவும் மாறவில்லை. "இது சிறுதானியமா, சுகர் உள்ளவங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறார்களாம்.

மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியும் பயனில்லை. முன்பக்கம் உள்ளே தெரிகிற மாதிரி வைத்தோம். எள், ஓமம் வரை அழகாகத் தெரிந்தது. ஆனால் கடை வாசலில் தொங்கவிட்டதில் வெயில் பட்டு எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிட்டது. சிவப்பு பசியைத் தூண்டும் என்கிறார்கள், சரி. நம் பக்கம் சிவப்பைப் பார்த்தால் காரம் என்றல்லவா நினைப்பார்கள்? லேஸ் நீல பாக்கெட் என்றாலே மசாலா என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எங்களுடையது காரமே இல்லாத ஓம முறுக்கு.

அடுத்த அச்சுக்குக் கொடுக்க வேண்டும். காரமில்லாத, மொறுமொறு முறுக்கு என்று பார்த்ததும் புரிய, உறைக்கு எந்த நிறம் சரியாக வரும்?