தண்ணீரில் நடத்தும் படகோட்டும் வகுப்பு: எதைத் தேர்ந்தெடுப்பது?

வணக்கம் நண்பர்களே. இரண்டு மாதத்துக்கு முன் பழைய படகு ஒன்று வாங்கினேன். 14 அடி அலுமினியம், பின்னால் 9.9 குதிரைத்திறன் மோட்டார், கைப்பிடியைத் தள்ளித் திருப்பும் வகை. ஏரியில் மட்டும்தான் ஓட்டுகிறேன். பக்கக் காற்று அடித்தால் படகைத் துறையோடு ஒட்டி நிறுத்த வரவில்லை, மூன்று முறை இடித்துவிட்டேன்.

போன வாரம் சட்டென்று திருப்பியதில் தடுமாறி விழப்போனேன். மோட்டாரை நிறுத்தும் சிவப்புக் கயிறு என் மணிக்கட்டில் இல்லை, மோட்டாரிலேயே சுருண்டு தொங்கியது. நான் விழுந்திருந்தால் படகு ஓடிக்கொண்டே இருந்திருக்கும், முன்னால் மகள் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து படகை எடுக்கவில்லை.

இணையவழி வகுப்பு முடித்துத் தேர்விலும் தேறினேன். இரவில் குறுக்கே வரும் படகின் சிவப்பு விளக்கு தெரிந்தால் நான் வழிவிட வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். கைதான் பழகவில்லை. ஒரு நாள் நேரடி வகுப்புக்கும் போனேன். லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் பிடித்துத் தூக்கினால் முகவாய்க்கு மேல் ஏறக்கூடாது என்று அங்கேதான் தெரிந்தது, உருப்படியான பாடம். ஆனால் அங்கே யாரும் தண்ணீரில் இறங்கவே இல்லை.

இப்போது இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இரண்டு நாள் தண்ணீர்ப் பயிற்சி: விழுந்தவரைத் தூக்குவது உண்டு, ஆனால் ஸ்டீயரிங் வைத்த அவர்கள் படகில். இன்னொன்று, பயிற்சியாளர் என் படகிலேயே அரை நாள் வருவார், துறையோடு ஒட்டி நிறுத்துவது மட்டும்.

என் நிலையில் நீங்கள் இருந்தால் எதை முதலில் எடுப்பீர்கள், ஏன்?