தைப்பூசத் தொண்டர் பயிற்சியில் ஸ்பகெட்டிக் கோபுரம்: வைக்கலாமா, விட்டுவிடலாமா?

போபாசேன் தம்பி:
மொரிஷியஸில் எங்கள் கோயில் இளைஞர் குழு ஆண்டுதோறும் காவடிக்கு முன்பு தொண்டர்களுக்கு ஒரு நாள் பயிற்சிப் பட்டறை நடத்துகிறது. வரிசை ஒழுங்கு, தண்ணீர்ப் பந்தல், முதலுதவி, அன்னதானம் என்று பல பிரிவினர் வருகிறார்கள். பாதிப்பேருக்கு மீதிப்பேரின் பெயர்கூடத் தெரியாது. அதனால் சென்ற ஆண்டு காலையில் ஒரு மேசை விளையாட்டு வைத்தோம். மேசைக்கு நால்வர். 20 சமைக்காத ஸ்பகெட்டிக் குச்சிகள், ஒரு கஜம் ஒட்டுநாடா, ஒரு கஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ (பஞ்சு போன்ற வெள்ளை மிட்டாய்). 18 நிமிடத்துக்குள் தானாக நிற்கும் கோபுரம் கட்டி, அதன் உச்சியில் மார்ஷ்மெல்லோவை வைக்க வேண்டும். எந்த மேசையில் அது மிக உயரத்தில் நிற்கிறதோ அந்த மேசைக்கு வெற்றி. பீட்டர் ஸ்கில்மன் என்பவர் உருவாக்கியது. 2010-இல் டாம் வூஜெக் என்பவர் டெட் (TED) மேடையில் ஆற்றிய உரைக்குப் பிறகு உலகமெங்கும் பரவியது. இந்த ஆண்டு செயற்குழுவில் பாதிப்பேர் 'வேண்டவே வேண்டாம்' என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

மலையடி மாமா:
அந்தப் பாதிப்பேரில் நானும் ஒருவன், மறைக்கவில்லை. சாப்பாட்டுப் பொருளைக் கோயில் மண்டபத்தில் ஒடித்துப் போட்டு, ஒட்டுநாடாவோடு சேர்த்துக் குப்பையில் தள்ளினீர்கள். பக்கத்துக் கூடத்திலேயே அன்னதானத்துக்கு அரிசி அளந்துகொண்டிருந்தார்கள். அடுத்து அந்த வெள்ளை மிட்டாய். அதில் ஜெலட்டின் இருக்கிறது. பன்றி, மாடு ஆகியவற்றின் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுப்பது அது. கொடியேற்றம் முதல் பத்து நாள் விரதம் இருக்கப் போகிற பிள்ளையின் கையில் அதைக் கொடுத்துவிட்டு, 'தின்னத் தரவில்லை, பாரத்துக்குத்தான்' என்றால் சரியாகிவிடுமா?

இன்னொன்று. நம் பந்தியில் இலை போடுகிறவர், தண்ணீர் தெளிக்கிறவர், சோறு வைக்கிறவர், ஏழு கறிக்கும் ஏழு வாளி தூக்குகிறவர்கள் என்று வரிசை பிசகாமல் நடக்கிறது. இவர்களில் எவரும் கோபுரம் கட்டிப் பழகியவர் இல்லை. பந்தியிலேயே நின்று பழகியவர்கள்.

எபேன் பயிற்றுநர்:
மாமா, ஜெலட்டின் விஷயத்தில் உங்களோடு வாதம் இல்லை. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார் சேர்த்த சைவ வகையும் உண்டு. அதற்காக விளையாட்டையே தள்ளிவிட வேண்டாம். நான் நிறுவனங்களுக்குப் பயிற்சி நடத்துகிறவன். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பேசவைக்கும் விளையாட்டு வேறு இல்லை.

சூட்சுமம் அந்த மிட்டாயில்தான் இருக்கிறது. பார்த்தால் பஞ்சு, எடை சுமார் 7 கிராம்தான். ஆனால் மெல்லிய குச்சியின் உச்சியில் வைத்ததும் கோபுரம் தலை குனிந்துவிடும். பெரும்பாலான குழுக்கள் முதலில் பேசும், பிறகு படம் வரையும், பிறகு கட்டும். கடைசி நிமிடத்தில் மிட்டாயை உச்சியில் வைத்துவிட்டுக் கையை விரித்துக்காட்டும். அதோடு எல்லாம் சாயும். வூஜெக் சொன்ன கணக்கில் சராசரி உயரம் 20 அங்குலம். வணிகப் பள்ளிப் பட்டதாரிகள் அதில் ஏறக்குறைய பாதிதான் கட்டினார்கள். மழலையர் பள்ளிக் குழந்தைகள் சராசரியைத் தாண்டினார்கள். காரணம், குழந்தைகள் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்குகிறார்கள். வைத்துப் பார்ப்பது, விழுந்தால் சரிசெய்வது, மறுபடி வைத்துப் பார்ப்பது. அவர்களுக்குள் தலைவர் பதவிக்கு முண்டியடிப்பதும் இல்லை. காவடி நாளில் வெயிலில் வரிசை எங்கே தேங்கும் என்பதையும் முன்கூட்டியே நடந்து பார்த்தால்தானே அறிய முடியும்?

துறைமுகக் கணக்கன்:
பயிற்றுநர் ஐயா, அதே உரையில் எல்லாரையும்விட உயரமாகக் கட்டியவர்கள் யார்? கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும். இதை மட்டும் உங்கள் தொழிலில் மெல்லிய குரலில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். சதுரம் சாயும், முக்கோணம் சாயாது என்று தெரிந்தவன் ஒருவன் மேசையில் இருந்தால் அந்த மேசை ஜெயிக்கும். குச்சியின் நீளத்தைப் பாதியாக்கினால் அது வளையாமல் தாங்கும் பாரம் நான்கு மடங்காகும். இது இயற்பியல். இதில் குழு மனப்பான்மை எங்கே வந்தது?

மேலும் அந்த எண்கள் ஒருவர் தம்முடைய பட்டறைகளில் அளந்து பார்த்தவை. ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு வைத்து நடத்திய ஆய்வு அல்ல. குழந்தைகளையும் பட்டதாரிகளையும் ஒரே தராசில் வைத்து நீதி சொல்கிறோம், கேட்க இனிமையாக இருக்கிறது என்பதற்காக.

எபேன் பயிற்றுநர்:
பொறியாளர்கள் ஜெயித்ததை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த உரையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, அதற்கு இயற்பியல் பதில் சொல்லாது. தலைமை நிர்வாகிகள் மட்டும் உட்கார்ந்த மேசை சராசரியைவிடக் கொஞ்சம்தான் மேலே போனது. அவர்களோடு ஒரு நிர்வாக உதவியாளரைச் சேர்த்ததும் உயரம் நன்றாகக் கூடியது. அந்த உதவியாளருக்கு முக்கோணம் பற்றி விசேஷ அறிவு எதுவும் இல்லை. வேலையை யாருக்குப் பின் யார் செய்வது, நேரம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கத் தெரியும். நம் ஊரில் எந்தத் திருவிழாவும் அப்படிப்பட்ட ஒருவரால்தான் நடக்கிறது. அவர் பெயர் அழைப்பிதழில் இருப்பதில்லை.

திரியோலே தங்கை:
நான் சென்ற ஆண்டு அந்தப் பட்டறையில் இருந்தவள். இங்கே அண்ணன்மார் எல்லாரும் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். மேசையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் மேசையில் பெரியவர் ஒருவர், கல்லூரி அண்ணன்கள் இருவர், நான். ஒட்டுநாடாவைப் பெரியவர் எடுத்து மணிக்கட்டில் வளையல் போல மாட்டிக்கொண்டார். அதன் பிறகு ஒரு துண்டு வேண்டுமென்றாலும் அவரைக் கேட்க வேண்டும். 'மிட்டாயை இப்போதே ஒருமுறை வைத்துப் பார்ப்போமா?' என்று நான் தொடக்கத்திலேயே கேட்டேன். 'முதலில் கட்டட்டும் அம்மா' என்றார். அண்ணன்கள் கிரியோல் மொழியில் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு குச்சி வில்லாக வளைந்து 'டக்' என்று ஒடிந்தது. எல்லாரும் சிரித்தோம். அதுவரை சரி.

பிறகு நடத்துநர் ஒலிவாங்கியில் 'இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?' என்று கேட்டார். மேசை மேசையாக 'ஒற்றுமை', 'ஒற்றுமை', 'ஒற்றுமையே பலம்' என்று பதில் வந்தது. தேநீருக்குப் போய்விட்டோம். ஒட்டுநாடா யார் கையில் இருந்தது, யார் சொன்னதை யாரும் கேட்கவில்லை என்று ஒரு கேள்விகூட வரவில்லை. அந்தப் பெரியவரே காவடி அன்று தண்ணீர்ப் பந்தலுக்குப் பொறுப்பு. குவளைப் பெட்டியின் சாவி அன்றைக்கும் அவர் இடுப்பில்தான் இருந்தது.

மலையடி மாமா:
மகளே, சாவியை எல்லாரிடமும் கொடுத்தால் மாலையில் குவளையே இருக்காது. பொறுப்பு என்றால் ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். பெரியவரைப் பட்டறையில் வைத்துக் கேள்வி கேட்பதுதான் உங்கள் பயிற்சி என்றால் அடுத்த ஆண்டு பெரியவர் எவரும் வரமாட்டார்.

மோக்கா ஆசிரியை:
மாமா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பெரியவர்களைப் பலர் முன் சங்கடப்படுத்தினால் நம் சமூகத்தில் காரியம் நடக்காது. அதனால்தான் தனிமனிதரைச் சுட்டாத விளையாட்டு வேண்டும் என்கிறேன்.

அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் நடத்திக்காட்டிய சிவப்பு மணிச் சோதனை அப்படிப்பட்டது. ஒரு பெட்டியில் 3200 வெள்ளை மணிகள், 800 சிவப்பு மணிகள். 50 குழிகள் கொண்ட பலகையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை நல்ல சரக்கு, சிவப்பு பழுது. சராசரியாக ஏறக்குறைய பத்துச் சிவப்பு வந்தே தீரும். எடுப்பவரின் திறமைக்கு அதில் வேலையே இல்லை. ஆனால் மேற்பார்வையாளராக நடிப்பவர் ஆறு வந்தவரைப் பாராட்டுவார், பதினைந்து வந்தவரைத் திட்டுவார், சுவரில் கோஷம் ஒட்டுவார். சிரித்துக்கொண்டே பார்ப்பவர்களுக்குச் சிறிது நேரத்தில் முகம் மாறும். நான் மாணவர்களோடு பாசிமணி வைத்துச் செய்திருக்கிறேன். 'பந்தி தாமதமானதற்குப் பரிமாறியவன்தான் காரணம்' என்று பேசுவது அதன் பிறகு அவ்வளவு எளிதாக வராது.

எபேன் பயிற்றுநர்:
நல்ல சோதனைதான் டீச்சர். ஆனால் அதில் ஆறேழு பேர் நடிப்பார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். காலையில் வந்து உட்கார்ந்த இளைஞர்களின் கைக்கு வேலை வேண்டும். பெயர் தெரியாதவரிடம் 'அந்த நூலைப் பிடியுங்கள்' என்று சொல்ல வேண்டும். அதற்குக் கோபுரம்தான்.

துறைமுகக் கணக்கன்:
கைக்கு வேலையும் மூளைக்கு வேலையும் சேர்ந்து வேண்டுமானால் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரஸ்டர் குழுவினர் 1960 வாக்கில் உருவாக்கிய பீர் விநியோக விளையாட்டு இருக்கிறது. (மாமா கோபப்பட வேண்டாம், பீரை எடுத்துவிட்டு அரிசி மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம்.) நீளமான மேசை. வரிசையாக நான்கு இடங்கள்: சில்லறைக் கடை, மொத்தக் கடை, விநியோகஸ்தர், ஆலை. பேசக் கூடாது. ஒவ்வொரு சுற்றும் ஒரு வாரம். தேவையான எண்ணிக்கையைச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து அடுத்தவர் பக்கம் தள்ள வேண்டும். கேட்ட சரக்கு உடனே வராது, சில வாரம் கழித்துத்தான் வரும். கையிருப்பில் தேங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் வாரத்துக்கு அரை டாலர் செலவு, கொடுக்க முடியாமல் போன மூட்டைக்கு ஒரு டாலர்.

வாடிக்கையாளர் செய்வது இவ்வளவுதான்: வாரம் 4 கேட்டுக்கொண்டிருந்தவர் ஐந்தாம் வாரம் முதல் 8 கேட்பார், கடைசி வரை அதே 8. ஆனால் ஆலைக்குப் போய்ச் சேரும்போது அது பல மடங்காகப் பெருகும், பிறகு சுத்தமாக நின்றுபோகும். முடிந்ததும் 'வாடிக்கையாளர் எப்படிக் கேட்டிருப்பார் என்று வரைந்து காட்டுங்கள்' என்றால் ஆலைக்காரர் மலையும் பள்ளமுமாக வரைவார். ஜான் ஸ்டெர்மன் 1989-இல் இதை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்: வந்துகொண்டிருக்கும் சரக்கை மறந்துவிட்டு மனிதர்கள் மறுபடி மறுபடி கேட்கிறார்கள். கப்பலில் வரும் அரிசியை நம்பியிருக்கும் தீவில் இதை எல்லாப் பள்ளியிலும் வைக்க வேண்டும் என்பேன்.

மலையடி மாமா:
இதில் விஷயம் இருக்கிறது. அன்னதானக் கிடங்கில் ஒவ்வோர் ஆண்டும் இதுதான். முதல் பந்தியில் பூசணி பற்றாது என்று யாரோ கத்துவான். மூன்று பேர் மூன்று சந்தைக்கு ஓடுவார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல். மறுநாள் பூசணி மலைபோல் கிடக்கும். ஆனால் ஒரு சந்தேகம் தம்பி. உன் விளையாட்டில் எவரும் பேசக் கூடாது. எங்கள் கிடங்கில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அதற்கு ஏதும் விளையாட்டு உண்டா?

எபேன் பயிற்றுநர்:
அந்த விளையாட்டை விதி விளக்கி, நடத்தி, பேசி முடிக்க அரை நாள் போய்விடும். கையிருப்பு, பாக்கி என்று கணக்கு எழுதச் சொன்னால் பாதி இளைஞர்கள் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்குவார்கள். அன்னதானப் பிரிவுக்கு மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் என்றால் முடியாது.

திரியோலே தங்கை:
கோபுரமே இருக்கட்டும், ஆனால் இரண்டு முறை கட்டுவோம். முதல் முறை வழக்கம் போல. நடுவில் ஒரே ஒரு கேள்வி: 'யார் சொன்ன யோசனை விடுபட்டது?' அதை ஒவ்வொருவரும் சீட்டில் எழுதட்டும், பெயர் வேண்டாம், ஒலிவாங்கியும் வேண்டாம். பிறகு இரண்டாம் முறை, ஒட்டுநாடா மேசையிலேயே மிக இளையவர் கையில். பெரியவருக்கும் சங்கடம் இல்லை, அது விதி.

எபேன் பயிற்றுநர்:
இதை நான் ஏற்கிறேன். வூஜெக்கும் ஒரே மாணவர்களை இரண்டு முறை கட்டவைத்தார். முதல் முறை 10,000 டாலர் மதிப்புள்ள மென்பொருள் பரிசு என்று அறிவித்ததும் ஒரு கோபுரமும் நிற்கவில்லை. நான்கு மாதம் கழித்து அதே மாணவர்கள் நன்றாகக் கட்டினார்கள். அதனால் பரிசுக் கோப்பை வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மலையடி மாமா:
இரண்டு முறை என்றால் இரண்டு மடங்கு சாப்பாடு வீண். தென்னை ஈர்க்கு எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் எலுமிச்சம்பழம் வையுங்கள். முடிந்ததும் பழத்தைப் பிழிந்து எல்லாருக்கும் பானகம்.

துறைமுகக் கணக்கன்:
ஈர்க்கு ஒடியாது, வளையும். தவறு செய்தாலும் குனிந்து நின்று சமாளித்துவிடும். ஸ்பகெட்டி முறுகலாக ஒடிவதால்தான் தவறு உடனே தெரிகிறது. அந்தக் குச்சியின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்தால் எந்த மேசையும் தேறாது. பழைய செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டினால் எலுமிச்சை தாங்கும். இறுகச் சுருட்டியதற்கும் தளரச் சுருட்டியதற்கும் வேறுபாடு நன்றாகத் தெரியும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். தைமாத வெயிலில் திட்டுவார்கள், பரவாயில்லை.

போபாசேன் தம்பி:
அப்படியானால் எல்லாருக்கும் செய்தித்தாள், எலுமிச்சை, இரண்டு சுற்று என்று செயற்குழுவில் முன்மொழிகிறேன். சிவப்பு மணியை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கிறேன், ஆசிரியை அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும். பிற்பகலில் அன்னதானப் பிரிவுக்கு மட்டும் அரிசி மூட்டை விளையாட்டு, கணக்கன் அண்ணா நடத்துவதாக இருந்தால்.

துறைமுகக் கணக்கன்:
நடத்துகிறேன். ஆனால் கற்பனை எண் வேண்டாம். சென்ற ஆண்டு கிடங்குப் பதிவேட்டைக் கொடுங்கள், பந்தி பந்தியாக எவ்வளவு கேட்டார்கள் என்று அதிலிருந்தே சீட்டு எழுதிவிடுகிறேன்.

மலையடி மாமா:
பதிவேடு செயலாளர் வீட்டில் இருக்கிறது. இரவல் போன மூன்று அண்டாக்கள் இன்னும் திரும்பாத கதையும் அதில்தான் இருக்கிறது. அவர் தருவார் என்று நினைக்கிறீர்களா?